தடித்த எழுத்து தலைப்பாகுமா?

வணக்கம் ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு விக்கிப்பீடியாவில் எழுதலாம் என்று இறங்கியிருக்கிறேன். பறவைகள் பற்றி ஒரு கட்டுரை. உட்தலைப்புகளைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். யாரோ வந்து எல்லாவற்றுக்கும் இருபுறமும் சமக்குறி போட்டு மாற்றிவிட்டார். பத்தியின் முதல் வரியைச் சற்றுத் தள்ளி ஆரம்பித்தால் அது ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘மரத்தில்’ என்ற சொல்லுக்கு இணைப்புக் கொடுத்தால் சிவப்பாக வருகிறது. மரம் பற்றிக் கட்டுரை இருக்கத்தானே செய்கிறது? இத்தனை குறிகளையும் மனப்பாடம் செய்தாக வேண்டுமா?

கலைச்செல்வி

அன்புள்ள கலைச்செல்வி,

மாற்றியவர் மேல் வருத்தம் வேண்டாம். உங்கள் வேலையைத்தான் அவர் செய்து கொடுத்திருக்கிறார்.

தாளில் எழுதிப் பழகிய நமக்கு, எழுத்து தடித்தாலே அது தலைப்பு. விக்கிப்பீடியாவின் மென்பொருளுக்கு அப்படி இல்லை. மூன்று ஒற்றை மேற்கோள் குறிகளுக்கு நடுவில் இருப்பது அதற்கு அழுத்திச் சொன்ன ஒரு சொல், அவ்வளவே. தனி வரியில் == கூடு கட்டும் முறை == என்று எழுதினால்தான் இங்கே புதிய பகுதி தொடங்குகிறது என்று அதற்குப் புரியும். பொருளடக்கத்தில் சேர்த்துக்கொள்ளும், அந்தப் பகுதிக்கென்று தனியாகத் ‘தொகு’ பொத்தானும் வைக்கும். பார்வையற்றவர்கள், திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் தலைப்புக்குத் தலைப்பு தாவித்தான் நீண்ட கட்டுரையில் தேடுவார்கள். உங்கள் தடித்த வரிகளில் அவர்களால் நின்றிருக்க முடியாது. உட்பிரிவுக்கு மூன்று சமக்குறி. ஒற்றைச் சமக்குறியைத் தொடாதீர்கள், அந்த நிலை கட்டுரையின் பெயருக்கு உரியது.

பெட்டி சின்ன விஷயம். வரியின் தொடக்கத்தில் ஒரு இடைவெளி விட்டால், ‘தட்டியதைத் தட்டியபடியே காட்டு’ என்று பொருள். நிரல் வரிகளைக் காட்ட உதவும். பத்தி பிரிக்க நடுவே ஒரு வரியைக் காலியாக விடுங்கள். ஒருமுறை மட்டும் என்டர் தட்டினால் இரண்டு வரிகளும் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் சிவப்பு இணைப்புதான் எனக்குப் பிடித்த கேள்வி. அது தமிழில் எழுதுகிறவருக்குத் தினமும் வருவது. [[மரத்தில்]] என்றால் ‘மரத்தில்’ என்ற பெயரிலேயே கட்டுரை இருக்கிறதா என்று தேடும், இல்லையென்றால் சிவப்பாகக் காட்டும். நம் மொழியில் வேற்றுமை ஏறும்போது சொல்லே உருமாறிவிடுகிறது: மரத்தை, மரத்தால், மரங்களில். அதனால் [[மரம்|மரத்தில்]] என்று எழுத வேண்டும். நிலைக்கோட்டுக்கு இடப்பக்கம் கட்டுரையின் பெயர், வலப்பக்கம் வாசகர் கண்ணில் படும் சொல். ஒரு பத்தி எழுதுவதற்குள் பத்து முறை இந்தக் கோட்டைத் தட்டுவீர்கள்.

இந்தச் சதுர அடைப்புகள் தொடக்கத்திலிருந்தே இருந்தவை அல்ல. வார்டு கன்னிங்காம் என்ற நிரலாளர் 1995-ல் முதல் விக்கியை, அதாவது வாசிப்பவர்களே திருத்தக்கூடிய இணையதளத்தை, உருவாக்கியபோது, ஆங்கிலச் சொற்களை இடைவெளி இல்லாமல் ஒட்டி, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் அதுவே இணைப்பாகிவிடும். 2001-ல் விக்கிப்பீடியாவும் அப்படித்தான் தொடங்கியது, அதே ஆண்டில் சதுர அடைப்புக்கு மாறியது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத நாம் பழைய முறையில் என்ன செய்திருப்போம் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

சாய்வெழுத்துக்கு இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகள். இரட்டை மேற்கோள் குறி ஒன்றைப் போட்டுவிட்டு ஏன் சாயவில்லை என்று விழிப்பவர்கள் உண்டு. வேறு மென்பொருளில் எழுதி ஒட்டும்போது குறிகள் வளைந்துவிடும், வளைந்தவை வேலை செய்யாது. நான் சாய்வெழுத்தைத் தவிர்த்துவிடுகிறேன். தமிழ் எழுத்தைச் சாய்த்தால் காற்றில் சரிந்த வேலி மாதிரி இருக்கிறது.

மனப்பாடமெல்லாம் வேண்டாம். நன்றாக அமைந்த ஒரு கட்டுரையைத் திறந்து, ‘தொகு’வை அழுத்தி மூலத்தை, அதாவது குறிகளோடு எழுதிய வடிவத்தை, பாருங்கள். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம். சேமிப்பதற்கு முன் முன்தோற்றம் பார்க்கும் பழக்கம் மட்டும் இருக்கட்டும். குறிகளே தெரியாமல் எழுத உதவும் காட்சித் தொகுப்பானும் இருக்கிறது. ஆனால் எங்காவது சிக்கிக்கொண்டால் மூலத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

திருத்தியவருக்கு நன்றி சொல்வதானால் அவருடைய பேச்சுப் பக்கத்தில் எழுதி, கடைசியில் நான்கு அலைக்குறி ~~~~ போடுங்கள். உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும். அதைக் கட்டுரைக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள். என் முதல் கட்டுரையின் அடியில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் யாரோ துடைத்துவிட்டார்கள்.