வாசகர் கேள்வி–பதில்: பெஞ்சில் முளைத்த ஆரஞ்சுக் கரண்டிகள்

கே: தோட்டத்து மரப் பெஞ்சின் விரிசலில், மழை பெய்தால் குட்டிக் கரண்டி போல ஆரஞ்சு நிறத்தில் வரிசையாக முளைக்கிறது. தொட்டால் ஜெல்லி மாதிரி இருக்கிறது. வினிகர் ஊற்றித் துடைத்தேன். பதினைந்தே நாளில் திரும்ப வந்துவிட்டது. என்ன செய்வது?
— வாசகி, குன்னூர்

ப: உங்கள் வர்ணனைக்கு அச்சாகப் பொருந்துவது டாக்ரியோபினாக்ஸ் ஸ்பாத்துலேரியா என்ற ஜெல்லிக் காளான். ஒன்றரை செ.மீ. உயரம் இருக்கும். அடி மெலிந்து, நுனி தட்டையாக விரிந்திருக்கும். நீங்கள் துடைத்தது வெளியே தெரியும் காளானை, அதாவது காயை மட்டும். கொடி போன்ற அதன் இழை கட்டைக்குள் ஓடுகிறது. வினிகர் அவ்வளவு ஆழம் போகாது.

இது கட்டையிலுள்ள செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளைத் தின்றுவிட்டு, அதைப் பிணைத்து இறுக்கும் லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைக்கும் இனம். அதனால் மரம் பழுப்பேறி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, கட்டம் கட்டமாக உதிரும். காளான் முளைத்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை அழுத்திப் பாருங்கள். 'டக்'கென்று தடுத்தால் கவலையில்லை. ஈர ரஸ்க்கில் இறங்குவது போல இறங்கினால் அந்தப் பலகையை மாற்ற வேண்டியதுதான். அறுக்கும்போது மெத்தென்ற இடத்தோடு நிறுத்தாமல், அதற்கு அப்பால் ஓர் அடி நல்ல கட்டையையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத இழை அங்கேயே தங்கிவிடும்.

மூலகாரணம் தண்ணீர். கட்டையின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இவை வளர முடியாது. பெஞ்சின் கால்கள் மண்ணில் படாமல் கருங்கல் துண்டின் மேல் நிற்கட்டும். பலகைகளுக்கு நடுவே அரை செ.மீ. இடைவெளி விடுங்கள். நீரை அதிகம் குடிப்பது அறுத்த முனைதான், அங்கே இரண்டு கை கூடுதலாக வார்னிஷ் அடியுங்கள். பலரும் செய்யும் தப்பு, ஈரக் கட்டையின் மேலேயே பெயிண்ட் அடிப்பது. உள்ளே இருக்கிற ஈரத்துக்கு மூடி போட்டதாகிவிடும்.

கே: பலா மரத்தின் காய்ந்த கிளையில் காது போன்ற காளான். வெயிலில் சருகாகிவிடுகிறது, மழையில் மறுபடி மெத்தென்று உப்புகிறது. உயிர் இருக்கிறதா? மரம் பட்டுப்போகுமா?
— வாசகர், கொல்லிமலை

ப: இது ஆரிகுலேரியா, மரக்காதுக் காளான். காய்ந்து சுருங்கினாலும் சாவதில்லை. நனைந்ததும் மீண்டும் விதைத்தூள் உதிர்க்கும். நனைந்த காது ஒன்றைக் கறுப்புக் காகிதத்தில் வைத்து, டம்ளரால் மூடி இரவு விட்டால், காலையில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். பெரும்பாலும் செத்த கட்டையைத்தான் பிடிக்கும். அந்தக் கிளையை மட்டும் அறுத்துவிடுங்கள். பறித்துச் சமைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: நேரில் பார்த்து இனம் சொல்ல ஆளில்லாமல் வேண்டாம்.

கே: கடையில் 'பிளாக் ஃபங்கஸ்' என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். 2021-இல் பயமுறுத்திய கருப்பு பூஞ்சையா அது?
— வாசகி, மதுரை

ப: பெயர்தான் ஒன்று. அந்த நோய் மியூக்கர் வகைப் பூஞ்சைகளால் வந்தது. இது சீனச் சமையலில் போடும் உலர்ந்த மரக்காது. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறினால் பல மடங்கு உப்பும். மண் ஒட்டிய கடினமான காம்பைக் கிள்ளி எறிந்து, நன்றாக வேகவையுங்கள். ராத்திரி முழுக்க வெளியில் ஊறப்போடாதீர்கள். அதில் ஒருவகை பாக்டீரியா பெருகினால் பாங்க்ரெகிக் அமிலம் என்ற விஷம் உண்டாகலாம்; கொதிக்கவைத்தாலும் அது முறியாது, உயிரைக்கூடப் பறிக்கும். கொழகொழத்தாலோ நாறினாலோ குப்பைக்குத்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்: இந்தக் காளானுக்கே ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் குணம் உண்டு.