கோவில் கட்டட வரியும் மகளின் திருமண ஓலையும்

அன்புள்ள சகோதரருக்கு,

புதிய கத்தோலிக்கக் கோவிலுக்குக் குடும்பத்துக்கு 25,000 ரூபாய் வரி விதிக்கப்பட்டிருப்பதாகவும், நிலுவையைக் கட்டாவிட்டால் மகளின் திருமண ஓலை (திருமணத்துக்கு முன் கோவிலில் வாசிக்கப்படும் அறிவிப்பு) வாசிக்கப்படாது என்று வரி நோட்டுடன் வந்தவர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது நம் கடமைதான். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 222ஆம் எண் அதைச் சொல்கிறது. ஆனால் அதே தொகுப்பின் 848ஆம் எண், வறுமையின் காரணமாக எவரும் திருமணம் போன்ற அருளடையாளங்களை (திருச்சபையின் புனிதச் சடங்குகளை) இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவற்றை வழங்குபவரிடமே ஒப்படைக்கிறது. ஆகவே ஓலையையும் நிலுவையையும் முடிச்சுப் போடுவது முறையன்று. கொடுப்பது கட்டாயத்தினால் ஆகாது என்று பவுலடியாரும் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார் (2 கொரி 9:7).

வசூலுக்கு வந்தவரிடம் வாதாட வேண்டாம். இத்தகைய மிரட்டல் பல வேளைகளில் பங்குத்தந்தைக்கே தெரியாமல் நடப்பதுண்டு. நேரில் அவரைச் சந்தித்து, மாதம் 300 ரூபாயோ 500 ரூபாயோ, உங்களால் இயன்றதைச் சொல்லுங்கள். கொடுக்கும்போது ‘கட்டட நிதி’ என்று குறிப்பிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை வேறொன்றுக்குச் செலவிடக் கூடாது என்பது 1267ஆம் எண். அதன் பிறகும் ஓலை மறுக்கப்பட்டால், ஆயர் இல்லத்தில், ஆயரின் பதிலாளரான முதன்மைக் குருவிடம் எழுத்து வடிவில் முறையிடலாம்.