வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க: கேள்வி பதில்

கேள்வி: ஐந்து ஆண்டுகளாகத் தவறாமல் தவணை கட்டுகிறேன். அசல் குறைந்த மாதிரியே தெரியவில்லையே?

பதில்: கணக்கே அப்படித்தான். 10 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 8,997. முதல் மாதம் அதில் 7,500 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 1,497தான். வட்டியை அசல் முந்துவதோ 149ஆவது தவணையில்! ஐந்து ஆண்டு கட்டிய பிறகும் சுமார் 8,87,000 பாக்கி நிற்கும். ஆரம்ப ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டும் பணத்துக்கு வலிமை அதிகம் என்பது இதனால்தான். முதல் மாதத்திலிருந்தே 750 சேர்த்துக் கட்டியிருந்தால் கடன் 16 ஆண்டு 5 மாதத்தில் தீரும். வட்டியில் சுமார் 2,45,000 மிச்சம்.

கேள்வி: கையில் ஒரு லட்சம் இருக்கிறது. தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா?

பதில்: காலத்தை. மேற்சொன்ன கடனில் ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்த ஒரு லட்சத்தைக் கட்டி, தவணையை அப்படியே விட்டால் 37 மாதம் குறையும், மிச்சம் 2,34,000. தவணையைக் குறைத்துக்கொண்டால் 82,000 சொச்சம்தான். வருமானம் நிலையில்லாதவர்கள் மட்டும் தவணையைக் குறைக்கலாம், அதில் தவறில்லை. எதுவானாலும் ‘இது அசலுக்கு’ என்று எழுதிக் கொடுங்கள். இல்லையேல் அடுத்த மாதத் தவணையாக வரவு வைத்துவிடக்கூடும். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தையும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் வாழ்கிறோம். ஆனாலும் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

பதில்: வாயைக் கட்ட வேண்டாம். ஓரமாக நிற்கும் இரண்டாவது வண்டியைப் பாருங்கள்: காப்பீடு, பராமரிப்பு, பழுது, விலை தேய்மானம் என்று ஓடாமலே செலவு வைக்கிறது. அதை விற்றால் பத்துச் சில்லறைச் சிக்கனங்களுக்குச் சமம். அடுத்தது, மிச்சம் பிடித்தது கணக்கில் கிடந்தால் கரைந்துவிடும். சம்பளம் வந்த மறுநாளே அசலுக்கு அனுப்புங்கள். கடைசியில் மிஞ்சுவதைக் கட்டலாம் என்று இருந்தால் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: கடன் அட்டையிலும் பாக்கி இருக்கிறது. சேமிப்பு முழுவதையும் வீட்டுக் கடனில் போட்டுவிடட்டுமா?

பதில்: கூடவே கூடாது. அட்டை வட்டி வீட்டுக் கடன் வட்டியைவிடப் பல மடங்கு. முதலில் அதை ஒழியுங்கள். பிறகு ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே வையுங்கள். அசலில் போட்ட பணத்தை ஆபத்துக்குத் திரும்பக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

கேள்வி: பங்குச் சந்தையில் 12 சதவீதம் கிடைக்குமே என்கிறார் நண்பர்.

பதில்: கிடைக்கலாம். கடனை அடைத்தால் 9 சதவீதம் நிச்சயம், அதற்கு வரியும் இல்லை. நண்பரிடம் நஷ்டப்பட்ட ஆண்டுகளையும் விசாரியுங்கள்.

கேள்வி: கடைசித் தவணையும் கட்டியாயிற்று. இனி?

பதில்: கடன் வாங்கும்போது அடமானமாகக் கொடுத்த மூலப் பத்திரங்களை, அப்போது எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு தாள் தாளாகச் சரிபார்த்துத் திரும்ப வாங்குங்கள். கடன் தீர்ந்ததற்கான சான்றைக் கேட்டுப் பெறுங்கள். சொத்துப் பதிவேட்டில் அடமானம் நீங்கிவிட்டதா என்று நீங்களே பாருங்கள். தவணைக்காகக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் உத்தரவையும் ரத்து செய்துவிடுங்கள்.