பத்து மடங்கு எதிர்ப்பு சக்தி எதற்கு?

கேள்வி: என் அம்மா முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர். இப்போது முடக்குவாதம். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு, ‘எதிர்ப்பு சக்தியைப் பத்து மடங்கு கூட்டும்’ என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 180 வெள்ளிக்கு விற்ற ஒரு தூளைக் குடிக்கிறார். காலையில் விரல் மடங்காமல், தேத்தண்ணி குவளையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அணைத்துப் பிடிக்கிறார். தூளைத் தொடரலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் அம்மா. எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே தாக்குவதுதான் முடக்குவாதம். ஆஸ்பத்திரியில் அதை அடக்க மருந்து தருகிறார்கள். கூட்டுவதற்குத் தூள் விற்பவரிடம் உங்கள் அம்மாவுக்கு என்ன வேலை?

ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் என்ற எதிர்ப்பு சக்தி அணுக்கள் சும்மா சண்டைக்குக் கிளம்பாது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டையைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள். மண்டோர் (கங்காணி) ஆளைப் பார்த்துவிட்டால் போதுமா? கிராணி (கணக்கர்) செக்ரோல் பதிவேட்டில் பேர் போட வேண்டும். டி செல்லுக்கும் இரண்டு உத்தரவு. கிருமியின் துண்டை இன்னொரு செல் கொண்டுவந்து காட்ட, அதை அடையாளம் காண்பது முதலாவது. காட்டுகிற செல்லின் மேலுள்ள பி7 புரதத்தோடு, டி செல்லின் மேலுள்ள சிடி28 புரதம் கைகோப்பது இரண்டாவது. இரண்டும் சேர்ந்தால்தான் டி செல் முழு வேகத்தில் பெருகும். முதலாவது மட்டும் என்றால் மரத்துப்போய் உட்கார்ந்துவிடும். அப்புறம், சிடிஎல்ஏ-4 என்று இன்னொரு புரதம் இருக்கிறது. பி7-ஐத் தானே பிடித்துக்கொண்டு பிரேக் போடுவது அதன் வேலை. அந்தப் பிரேக்கை வைத்தே செய்த அபாடாசெப்ட் என்ற மருந்தை முடக்குவாதத்துக்குக் கொடுக்கிறார்கள்.

பிரேக் இல்லாமல் தூண்டினால் என்ன ஆகும் என்பதை 2006 மார்ச்சில் லண்டனில் பார்த்தார்கள். சிடி28-ஐ நேரடியாக முடுக்கும் டிஜிஎன்1412 என்ற மருந்தை, நல்ல ஆரோக்கியமான 6 ஆண்களுக்குச் சோதனையாக ஏற்றினார்கள். குரங்குகளுக்குக் கொடுத்தபோது ஆபத்தாக ஒன்றும் ஆகவில்லை. அந்த அளவில் 500-ல் ஒரு பங்குதான் இவர்களுக்கு. ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, காய்ச்சல். பிறகு ஒவ்வோர் உறுப்பாகச் செயலிழக்க, 6 பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள், ஆனால் ஒருவர் விரல்களை இழந்தார்.

அந்தத் தூள் ஒன்றும் செய்யாவிட்டால் 180 வெள்ளி நட்டம். சொன்னபடியே செய்தால் அம்மாவின் விரல்களுக்கு நட்டம். இரண்டும் தெரியாமல் விற்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆத்திரம். இப்படிப்பட்ட சரக்குகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டதும் உண்டு.

நிறுத்திய மாத்திரையை நீங்களாகத் திரும்பத் தொடங்க வேண்டாம். நாளைக்கே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எத்தனை நாளாக மாத்திரை இல்லை என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்தத் தூள் டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், டாக்டர் பார்க்கட்டும்.