‘தி வீல் ஆஃப் டைம்’ எட்டாவது புத்தகத்தில் நிற்கிறேன். தொடரலாமா, விட்டுவிடலாமா?

ஏழு புத்தகங்களை ஆசையாகப் படித்தேன், எட்டாவதில் மூன்று மாதமாக நூறாவது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை, இன்னும் ஆறு பாக்கி இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். ராபர்ட் ஜோர்டான் தொடங்கிய இந்த ஆங்கில மாயக்கற்பனைத் தொடரின் பதினான்கு புத்தகங்களையும் நான் முடித்தவன். நடுவில் இரண்டு வருடம் தொடாமல் வைத்திருந்து, திரும்பி வந்து முடித்தேன்.

முதலில் உங்களுக்கு வந்திருப்பது சலிப்பா, எரிச்சலா என்று பாருங்கள். கதை நகரவே இல்லை, ஏழாவதின் கடைசியில் ஆபத்தில் மாட்டிய மேட் (நாயகர்களில் ஒருவன்) எங்கே போனான், இத்தனை ஏஸ் செடாய்களின் (மந்திர சக்தி உள்ள பெண்களின்) பெயர்களை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது என்று தோன்றினால் அது சலிப்பு. அது தீரும். நாயகிகளில் ஒருத்தியான நைனீவ் பின்னலைப் பிடித்து இழுப்பதும், ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமலே முறைத்துக்கொண்டு திரிவதும், அறைக்குள் வருகிற ஒவ்வொருவரின் உடையையும் கழுத்திலிருந்து கால்வரை வர்ணிப்பதும் உங்களைக் கடுப்பேற்றினால் அது எரிச்சல். அது ராபர்ட் ஜோர்டானின் கைவாகு. அவர் எழுதிய கடைசிப் பக்கம் வரை அது மாறாது. எரிச்சல்தான் என்றால் விட்டுவிடுங்கள். ஏழு படித்தாயிற்றே என்று யோசிக்க வேண்டாம். அந்த ஏழும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டன.

சலிப்பு என்றால், அது உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. முதல் ஆறு புத்தகங்களும் 1990இலிருந்து 1994க்குள் வந்துவிட்டன. அப்புறம் 1996, 1998, 2000, 2003, 2005 என்று இடைவெளி கூடிவிட்டது. முதல் புத்தகத்தில் கிராமத்தை விட்டு ஓடிவந்த ஒரே கூட்டம். எட்டாவதுக்குள் அந்தக் கூட்டம் ஐந்தாறு திசையில் சிதறிவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு படை, ஒரு அரசியல், ஒரு பட்டாளம் துணைப் பாத்திரங்கள். எல்லாரையும் நாலு அடி நகர்த்தவே ஒரு புத்தகம் போதவில்லை. ஐந்தாவதில் மேட்டின் நண்பன் பெரின் வரவில்லை, எட்டாவதில் மேட் தலைகாட்டுவதே இல்லை. பெரினுக்கு எட்டாவதின் முடிவில் ஒரு சிக்கல் வரும்; அது பதினொன்றில்தான் அவிழும். புத்தகம் வரவரப் படித்தவர்களுக்கு அது ஏழு வருடக் காத்திருப்பு. இந்தப் பகுதிக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு அந்தக் காத்திருப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அது இரண்டு மூன்று மாதம்தான். முடிந்துபோன தொடர் என்பதே பெரிய நிம்மதி. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எழுதிய ஜார்ஜ் மார்ட்டினின் அந்தத் தொடரில் ஐந்தாவது புத்தகம் 2011இல் வந்தது. அவருடைய வாசகர்கள் ஆறாவதுக்காகப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள்.

நான் நின்றது பத்தாவதில். ஒன்பதாவதின் கடைசி அத்தியாயத்தில் ஒரு பெரிய விஷயம் நடக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்தாவதைத் திறந்தால், அது நடந்த நேரத்தில் மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்வதிலேயே முக்கால்வாசி போகும். பாதியில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி அலமாரியில் வைத்தேன். இரண்டு வருடம் கழித்து, ஊருக்குப் போகிற இரவுப் பேருந்தில் பின் சீட்டில் இரண்டு பையன்கள் செல்போன் வெளிச்சத்தில் சீட்டு ஆடிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் ஜெயித்துக்கொண்டே இருந்தான். இன்னொருவன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்குச் சட்டென்று மேட் ஞாபகம் வந்துவிட்டது. அவன் கையிலிருக்கும் பகடை, தலைக்குள் உருளும் பகடை. அவன் கதி என்ன ஆகியிருக்கும் என்று திண்டிவனம் தாண்டும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் டிக்கெட் இருந்த பக்கத்தில் பிரித்தேன். இரண்டு வருடத்தில் அதன் எழுத்து முழுக்க அழிந்து வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. கதை மட்டும் மறக்கவில்லை.

அதனால் உங்களிடமும் இதைத்தான் கேட்பேன்: இந்த மூன்று மாதத்தில் புத்தகத்தைத் திறக்காத நாளில் யாராவது ஒருவர் உங்கள் மனசில் வந்தார்களா? வந்திருந்தால் தொடருங்கள்.

(நான்காவதைப் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) நான் ஜோர்டானை நம்பியதற்குக் காரணம் ருயிடியன் என்ற நகரத்தில் நடக்கும் காட்சி. அங்கே கண்ணாடித் தூண்களுக்கு நடுவே முக்கிய நாயகன் ராண்ட் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் ஒரு முன்னோரின் வாழ்க்கைக்குள் போவான். அடுத்த அடியில் இன்னும் முந்தைய தலைமுறை. ஈட்டியோடு பிறந்தவர்கள் போல இருக்கும் அயீல் மக்கள், ஒரு காலத்தில் யாரையும் அடிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவர்கள் என்பது பின்னோக்கி நடக்க நடக்கத்தான் தெரியும். ஒரு இனம் எப்படித் தன் வாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தது என்பதை இரண்டே அத்தியாயத்தில் சொன்ன ஆள், தன் கதை எங்கே போகிறது என்று தெரியாமல் எழுதியிருக்க மாட்டார் என்று நினைத்தேன். தவறாக நினைக்கவில்லை. பதினொன்றாவதில் கட்டிவைத்த முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ ஆரம்பிக்கும். அதுதான் அவர் முழுதாக எழுதிய கடைசிப் புத்தகம். 2007 செப்டம்பரில் அவர் இறந்துவிட்டார். கடைசிக் காட்சியை முன்பே எழுதி வைத்திருந்தார். மீதிக் குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் மூன்று புத்தகங்களாக 2013இல் முடித்தார். பன்னிரண்டில் மேட்டின் பேச்சு கொஞ்சம் வேறு ஆள் பேசுவது போல இருக்கும், எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதே புத்தகத்தில் நாயகிகளில் இன்னொருத்தியான எக்வேன் வரும் அத்தியாயங்களுக்காக சாண்டர்சனுக்கு எதையும் மன்னிக்கலாம்.

எட்டிலும் பத்திலும் வரிவரியாகப் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பத்தாவதில் இளவரசி எலெய்னின் அரியணைப் பஞ்சாயத்தை மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டு போனேன்; பின்னால் எதுவும் புரியாமல் போகவில்லை. ஆங்கிலம் காதில் கேட்டுப் பழக்கம் இருந்தால் மைக்கேல் கிராமரும் கேட் ரீடிங்கும் வாசித்த ஒலிப்புத்தகத்தைப் போட்டுவிட்டுச் சமையலைப் பாருங்கள்.

விட்டுவிடுவதாகவே முடிவு செய்தாலும் எட்டின் நடுவில் விடாதீர்கள். ஒன்பதின் கடைசி அத்தியாயம் வரை வந்துவிடுங்கள், ஒரு கட்டம் முடிந்த நிறைவாவது கிடைக்கும். தொடர்வதென்றால் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ‘நியூ ஸ்ப்ரிங்’ படியுங்கள். ஏஸ் செடாயான மொய்ரெய்னும் அவளுடைய காவலன் லானும் முதன்முதலில் சந்தித்த கதை, மற்றவற்றைவிடக் கனம் மிகக் குறைவு. நான் அதை ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிட்டுத் திங்கள்கிழமை காலையில் பதினொன்றைத் தொடங்கினேன்.