வாடை வருவது அழுக்கினால் அல்ல

கேள்வி: எனக்கு 26 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். முதல் பிள்ளை, இப்போது 22 கிழமை. ஒரு மாதமாகத் தண்ணியாக, சாம்பல் கலந்த நிறத்தில் வெள்ளை படுகிறது. மீன் வாடை அடிக்கிறது. கணவரோடு சேர்ந்த பிறகு அது இன்னும் கூடுகிறது. கடியோ எரிவோ இல்லை. மாமி வேப்பிலை அவித்த தண்ணீரால் உள்ளே கழுவச் சொல்கிறா. பாமசியில் வாங்கிய வோஷும் பாவிக்கிறேன், குறையவில்லை. கிளினிக்கில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்தக் கிருமியால் பிள்ளை முந்திப் பிறக்கும் என்று படித்ததிலிருந்து நித்திரையில்லை. என் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா?

பதில்: தங்கச்சி, வேப்பிலைத் தண்ணீரையும் வோஷையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். மாமி உங்கள் மேலுள்ள அக்கறையில்தான் சொல்கிறா, அதில் சந்தேகமில்லை. ஆனால் இது அழுக்கினால் வந்த வாடை அல்ல. கழுவக் கழுவக் கூடத்தான் செய்யும்.

ஏன் கூடும் என்று சொல்கிறேன். யோனி கிருமியே இல்லாத இடம் அல்ல. அங்கே லக்டோபசிலஸ் என்ற நல்ல பக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. டொடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் இவற்றை 1892 இலேயே விவரித்திருக்கிறார். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரஜன் கூடுவதால் யோனிச் சுவரின் கலங்களில் கிளைக்கோஜன் என்ற மாச்சத்து சேர்கிறது. அது உடைந்து வருவதைத் தின்று இந்தப் பக்டீரியாக்கள் லக்டிக் அமிலம் சுரக்கின்றன. தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். அந்தப் புளிப்பில் மற்றக் கிருமிகள் தலை தூக்காது. பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் இந்த நல்ல பக்டீரியா இன்னும் பலமாகவே இருக்கும்.

உங்களுக்கு அந்தச் சமநிலை குலைந்திருக்கிறது என்றே நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்து நினைக்கிறேன். லக்டோபசிலஸ் குறைந்து, கார்ட்னரெல்லா போன்ற வேறு பக்டீரியாக்கள் பெருகும்போது இப்படி வரும். பக்டீரியல் வஜினோசிஸ் என்பது இதன் பெயர். விந்தில் காரத்தன்மை இருப்பதால்தான் உறவுக்குப் பின் வாடை தூக்கலாகிறது. பங்கசுத் தொற்று என்றால் கடி தாங்க முடியாது, வெள்ளையும் தயிர்க்கட்டி போலத் திரண்டு வரும். இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் பாமசியில் கேட்டு எதையாவது வாங்கி வைக்க வேண்டாம்.

நுணுக்குக்காட்டியில் இதைப் பார்த்தால் விளங்கும். சுவரிலிருந்து உதிர்ந்த கலம் வழக்கமாகத் தட்டையாக, வெட்டிய இலைத் துண்டு மாதிரி விளிம்பு தெளிவாகத் தெரியும். இந்த நிலையிலோ அதன் மேல் எள்ளை அள்ளித் தூவியது போலப் பக்டீரியா அப்பியிருக்கும், விளிம்பே தெரியாது. ஒன்றோடொன்று பசையாக ஒட்டிப் படலமாகப் படிந்திருப்பதை வேப்பிலைத் தண்ணீரால் கழுவி எடுக்க முடியாது. மிஞ்சியிருக்கிற நல்ல பக்டீரியாவும் சளியுந்தான் போகும்.

அடுத்தது உங்கள் எதிர்ப்புச் சக்தி. அது குறைந்துவிடவில்லை. பிள்ளையின் பாதி தகப்பனிடமிருந்து வருவது. அதை வெளியாள் என்று தாக்காமலும், கிருமியை உள்ளே விடாமலும் இருக்க வேண்டிய வேலை கர்ப்பத்தில் உடம்புக்கு இருக்கிறது. அதற்கேற்ப அது தன்னை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். கருப்பையின் வாயைக் கெட்டியான சளி அடைத்திருக்கிறது. அதில் பிறபொருளெதிரிகள் இருக்கின்றன. சுவரின் கலங்களே டிஃபென்சின் என்ற, கிருமியைத் துளைக்கும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. லக்டிக் அமிலம் இருக்கும்வரை இந்தக் காவல் சத்தமில்லாமல் நடக்கும். வஜினோசிஸில் பெருகும் பக்டீரியாக்களோ சளியை அறுக்கும் நொதிகளை விடுகின்றன. ஆனாலும் வெள்ளணுக்கள் பெருமளவில் திரள்வதில்லை. உங்களுக்குக் கடியும் எரிவும் இல்லாதது அதனால்தான்.

பிள்ளை முந்திப் பிறக்குமா என்ற பயத்துக்கு வருகிறேன். தொடர்பு இருக்கிறது, மறைக்க மாட்டேன். வஜினோசிஸ் உள்ளவர்களுக்கு 37 கிழமைக்கு முன் பிரசவமாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அழற்சி கருப்பையின் வாய்க்கும் பனிக்குட நீர்ப்பைக்கும் ஏறினால், பிரசவத்தைத் தொடக்கும் இரசாயனங்கள் முந்திச் சுரந்துவிடலாம். ஆனால் வஜினோசிஸ் இருந்தும் மாதம் நிறைந்து பெறுகிறவர்களே அதிகம். உடம்பின் பதிலும் இதில் சேர்கிறது. 2019 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பீட்டா டிஃபென்சின்-2 கூடுதலாக இருந்தபோது இந்தப் பக்டீரியாக்களால் வரும் ஆபத்து குறைந்தது. அதுவும் எல்லா இனப் பெண்களிலும் ஒரே அளவில் அல்ல. பக்டீரியாவின் பெயரை மட்டும் வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

இதைக் குணப்படுத்தினால் அந்த ஆபத்து போய்விடுமா? அறிகுறியில்லாத, ஆபத்துக் குறைந்த தாய்மாரைத் தேடிப்பிடித்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிரான்சில் நடந்து 2018 இல் வெளியான பெரிய ஆய்வில் கிளின்டமைசின் கொடுத்தும் குறைப்பிரசவம் குறையவில்லை. ஆகவே எல்லாத் தாய்மாருக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை. உங்களுக்கு அறிகுறி இருக்கிறது, உங்களுக்கு மருந்து வேண்டும். மெட்ரோனிடசோல் குளிசையைக் கர்ப்பத்திலும் கொடுக்கலாம், வழக்கமாக 5 முதல் 7 நாள். வாயில் இரும்புச் சுவை வரும், அதற்காக இடையில் விட்டுவிடாதீர்கள். சில மாதத்தில் திரும்பி வருவதும் சகஜம், வந்தால் மறுபடி காட்டுங்கள். முன்பு குறைப்பிரசவமோ பிந்திய கருச்சிதைவோ ஆனவர்கள் அதை முதல் கிளினிக்கிலேயே சொல்லிவிட வேண்டும்.

தயிர் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். எருமைத் தயிர் சாப்பிடுங்கள், நல்லது. உள்ளே வைக்காதீர்கள். தயிரில் இருக்கும் பக்டீரியா வேறு, அது அங்கே குடியேறாது. வெளிப்பக்கத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். கொழும்புப் புழுக்கத்துக்குப் பருத்தி உள்ளாடையே வசதி.

தண்ணீர் கசிவது, இரத்தம் படுவது, வயிறு விட்டுவிட்டு இறுகுவது, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் பதிந்திருக்கும் மருத்துவமனைக்கு உடனே போங்கள், நடு இரவானாலும். வாகனம் இல்லையென்றால் 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

வெட்கம் என்கிறீர்கள். எனக்கு அது புரிகிறது. கொழும்புக் கிளினிக்கில் நம் பெண்களுக்கு மொழித் தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. வரிசையில் பின்னாலிருப்பவர் கேட்டுவிடுவாரோ என்று பிரஷரும் நிறையும் மட்டும் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மருத்துவமாது இதை நாளும் பொழுதும் கேட்கிறவர். "மிஸ், வெள்ளை படுது, மணக்குது" என்று மெல்லச் சொன்னால் போதும். தமிழ் தெரியாதவராக இருந்தால் சிங்களத்தில் "சுது யனவா, கந்தய்" என்று சொல்லுங்கள், மிச்சத்தை அவர் கேட்டுக்கொள்வார்.