ஆட்டம், விசில், பயிற்சி: மாஷிடம் கேட்டவை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாலிபாலும் கால்பந்தும் ஆடி, ஓட்டத்திலும் பெயர் வாங்கி, இப்போது நடுவராகவும் பயிற்சியாளராகவும் இருக்கும் மாஷின் (மாஷ் என்றால் மலையாளத்தில் வாத்தியார்) பதில்கள்.

மாஷே, என் பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஓட்டம், கால்பந்து, வாலிபால் மூன்றுக்கும் போகிறான். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லவா? (வேலந்தாவளம்)

இப்போது வேண்டாம்மா. வலையோரம் குதித்துப் பழகிய பையனுக்கு, கால்பந்தில் தலையால் முட்ட எப்போது எழும்ப வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷம் முழுக்க ஒரே ஆட்டம் என்றால் ஒரே மூட்டுதான் அடி வாங்கும். முழங்காலுக்குக் கீழே வலி என்று வரும் வளர்கிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். பதினைந்து, பதினாறில் அவனே தேர்ந்துகொள்வான். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கட்டாயம்.

நன்றாக ஆடியவர் நல்ல நடுவர் ஆகிவிடுவாரா? (சித்தூர்)

ஆடும்போது கண் பந்தின் மேலேயே இருக்கும். விசில் பிடித்தால் அந்தப் பழக்கத்தை விட வேண்டும், அதுதான் கஷ்டம். எனக்கு அதைக் கற்றுத்தந்தது வாலிபால். அங்கே இரண்டாம் நடுவர் ஸ்மாஷை ரசித்துக்கொண்டு நிற்க முடியாது. பிளாக் போடும், அதாவது வலையோரம் எழும்பிக் கையால் பந்தைத் தடுக்கும் பக்கம் வலையில் கை படுகிறதா, கால் நடுக்கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கால்பந்தில் கார்னர், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் உதை வரும்போதும் அப்படித்தான். பந்து வானத்தில் இருக்கும் அந்த நேரத்தில் கோல் முன்னால் ஒருவன் இன்னொருவனின் பனியனை முறுக்கிப் பிடித்திருப்பான். கூட்டம் பந்தைப் பார்க்கும், நீங்கள் அந்தக் கையைப் பார்க்க வேண்டும்.

அதற்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆகவே ஓடும் கால் வேண்டும். சர்வதேச நடுவர்களுக்கான தேர்வில் 40 மீட்டர் விரைவோட்டம் 6 முறை. அப்புறம் 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை என்று 40 முறை. மொத்தம் 4 கிலோமீட்டர்! ஓட்டக்காரனாக இருந்தது எனக்குக் கைகொடுத்தது இங்கேதான்.

கோல்கீப்பர் பந்தை எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கலாம்? (கோபாலபுரம்)

8 நொடி. 2025-இல் வந்த மாற்றம் இது. தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி 5 நொடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார்.

என் மகளுக்கு நடுவர் ஆக ஆசை. ஊரில் சிரிக்கிறார்கள். (வடகரப்பதி)

சிரிப்பவர்களிடம் 2022 கத்தார் உலகக் கோப்பையைச் சொல்லுங்கள். ஜெர்மனி, கோஸ்டாரிகா ஆட்டத்தை நடத்தியது ஸ்டெஃபானி ஃப்ராபார் என்ற பெண். மாவட்டச் சங்கம் நடுவர் தேர்வு அறிவிக்கும்போது விண்ணப்பிக்கட்டும். அதுவரை சாயங்காலம் மைதானத்துக்கு அனுப்புங்கள். பயிற்சி ஆட்டத்தில் முதலில் லைன் கொடி பிடிக்கட்டும், ஆஃப்சைடு பார்க்கப் பழகட்டும். விசிலை அப்புறம் கொடுக்கிறேன்.